பட்டியல் போன பிறகு

2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு தன் 'கேர்' இதழ்ப் பட்டியலைக் கைவிடுவதாக அறிவித்தது. எந்த ஆய்விதழ் தரமானது என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியுமே முடிவு செய்துகொள்ளலாம், அதற்கான அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம் என்றது. அந்த வாரங்களில் ஆய்வு மாணவர்கள் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "இனிமேல் எந்த லிஸ்டைப் பார்க்கணும்?"

இந்தக் கேள்விக்காக மாணவரைக் குறை சொல்ல முடியாது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டுமே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார், அவர்கள் உண்மையில் அந்தத் துறையில் எழுதுகிறவர்களா, கட்டுரை அனுப்பிய நான்காம் நாளே ஏற்பு மடல் வருகிறதா, பணம் கேட்கும் முன் யாராவது கட்டுரையைப் படித்தார்களா என்றெல்லாம் பார்க்க அவர் பழக்கப்படவில்லை. பட்டியல்களின் கதையோ எல்லோருக்கும் தெரிந்தது. 2018 மே மாதம் மானியக் குழு தானே ஏற்றிருந்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. பிறகு வந்த கேர் பட்டியலில் இடம்பெற்ற இதழ்களின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே எடுத்துப் போலி இணையதளம் நடத்தியவர்கள் உண்டு. பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் அசலுக்குக் கட்டினோமா நகலுக்குக் கட்டினோமா என்றுகூடத் தெரியாமல் நின்றார்கள்.

எடைபோடும் இந்தப் பழக்கத்தைத்தான் நூலகவியலார் 'தகவல் எழுத்தறிவு' என்கிறார்கள். எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று உணர்வது, அதைத் தேடத் தெரிவது, கிடைத்ததை நம்பலாமா என்று சோதிப்பது, எடுத்தாண்டதை நேர்மையாகச் சொல்வது ஆகிய எல்லாம் அதில் அடக்கம். உலகெங்கும் பல்கலைக்கழக நூலகங்கள் இதைத் தங்கள் கடமையாக ஏற்றிருக்கின்றன. நம் நூலகங்களும் ஏற்றிருக்கின்றன; ஆண்டறிக்கைகளில் அதற்கென்று ஒரு பத்தியும் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது, அதில் எது பயன்படுகிறது, எது வீணாகிறது என்று கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டிய நேரம் இது.

இந்தச் சொல்லாட்சியை 1974இல் முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பால் ஸர்கோவ்ஸ்கி. அமெரிக்கத் தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். தகவல் கருவிகளை வேலையில் பயன்படுத்தத் தெரிந்த தொழிலாளர் வேண்டும் என்பதே அவருடைய கவலை. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் தகவல் எழுத்தறிவுக்கான தரநிலைகளை வெளியிட்டது. பட்டியல் போட்டுத் திறன்களை அளக்கும் அந்த முறை போதாது என்று உணர்ந்து 2016இல் அதையே விலக்கிக்கொண்டு, ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்றது. தகவலுக்கு உள்ள நம்பகம் சூழலைப் பொறுத்தது, ஆய்வு என்பது நெடுநாளாக நடந்துவரும் ஓர் உரையாடல் என்பவை அந்த ஆறில் இரண்டு. நம் நூலகவியல் பாடத்திட்டங்களில் இவையெல்லாம் தேர்வுக் கேள்விகளாக இருக்கின்றன. வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் நடுவில் இவை வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் புதிதாக வந்த மாணவரை நூலகத்துக்குள் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் நமக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது அன்று. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வாசகரையும் நூலையும் நேருக்கு நேர் சேர்த்துவைக்கும் பணியே நூலகத்தின் உயிர் என்று கருதியவர், புதிய மாணவருக்கு நூலகத்தைப் பழக்குவதைப் பார்வை நூற்பணியின் முதற்கட்டமாகவே எழுதிவைத்தார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நேரத்தைக் காப்பது என்றால் நூலகரே தேடி எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். தேடக் கற்பிப்பது என்றால் மாணவரைக் கொஞ்ச நேரம் தடுமாற விட வேண்டும். ரங்கநாதனிடம் ஒவ்வொரு வாசகரோடும் உட்கார்ந்து பேசக்கூடிய பணியாளர் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. அதனால் அவருக்கு இந்த இரண்டும் மோதவில்லை. உட்கார்ந்து பேச ஆள் இல்லாத நூலகத்தில்தான் இரண்டும் மோதுகின்றன.

இன்று பெரும்பாலான கல்லூரிகளில் நடப்பது முதலாண்டு தொடக்கத்தில் ஒரு மணி நேர அறிமுக வகுப்பு. அறுபது பேர் வரிசையாக வருகிறார்கள். பையை எங்கே வைப்பது, அடையாள அட்டையை எங்கே காட்டுவது, எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தாமதமானால் அபராதம் எவ்வளவு, பார்வை நூல்களை ஏன் வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்று நூலகர் சொல்கிறார். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணின் பொருளைச் சொல்கிறார். 'ஓப்பாக்' என்னும் நூற்பட்டியல் கணினியில் ஒரு நூலின் பெயரைத் தட்டிக் காட்டுகிறார். கடைசியில் மின்னிதழ்களைத் தரும் 'என்-லிஸ்ட்' கணக்குக்கான கடவுச்சொல்லை எப்படிப் பெறுவது என்று சொல்லி அனுப்புகிறார்.

இந்த ஒரு மணி நேரத்தை ஒன்றுக்கும் உதவாதது என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பள்ளியில் நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் பூட்டிய பீரோ என்று மட்டுமே பார்த்து வந்த பிள்ளைகள் நம் அரசுக் கல்லூரிகளில் ஏராளம். அவர்களுக்குத் திறந்த அடுக்குகளுக்கு நடுவே நடக்கலாம், எந்தப் புத்தகத்தையும் கையில் எடுத்துப் புரட்டலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்று தெரிவதே பெரிய விஷயம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு நூலகரின் முகம் பழகிப்போவது, பிறகு ஒரு நாள் தயக்கமில்லாமல் அவரிடம் போய்க் கேட்க வைக்கும். மதிப்பெண் போடும் அதிகாரம் நூலகரிடம் இல்லை. அவரிடம் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்வதால் மாணவருக்கு எந்த நட்டமும் வராது. கல்லூரி வளாகத்தில் அப்படிப்பட்ட அறிவுத்துறை மனிதர் வேறொருவர் கிடையாது. அறிமுக வகுப்பின் உண்மையான பலம் இதுதான். அதை நூலகங்களே போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பலவீனம் அந்த வகுப்பு நடக்கும் நேரத்தில் இருக்கிறது. முதல் வாரத்தில் மாணவரிடம் கேள்வி எதுவும் இல்லை. தேட வேண்டிய தேவை இல்லாதவருக்குத் தேடும் முறையைச் சொன்னால் அது காதோடு போய்விடும். ஆறாம் பருவத்தில் புராஜெக்ட் எழுதச் சொல்லும்போதுதான் உண்மையான தேவை வருகிறது. அப்போது அந்தக் கடவுச்சொல் எங்கே என்று அவருக்குத் தெரியாது. ஜெராக்ஸ் கடையில் பழைய புராஜெக்ட் கிடைக்கிறது. இப்போது கைப்பேசியில் சாட்ஜிபிடி கிடைக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அறிமுக வகுப்பு கருவியைக் காட்டுகிறது, எடைபோடுவதைக் காட்டுவதில்லை. கருவிகளுக்குக் குறைவில்லை. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. நம் மாணவர்களில் பெருந்தொகையினர் படிக்கும் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் அதன் முதற்கட்டத்தில் இல்லை என்பது தனிக் குறை. அது ஒருபுறம் இருக்கட்டும். 13,000 இதழ்களைத் திறந்துவிட்ட பிறகு அவற்றில் ஒரு கட்டுரையை எடுத்து 'இது எதன் அடிப்படையில் இப்படிச் சொல்கிறது' என்று கேட்கத் தெரியாத மாணவருக்கு அந்தக் கோடிகளால் என்ன பயன்?

எடைபோடக் கற்பிக்க நூலகங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது சரிபார்ப்புப் பட்டியல். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர்கள் 2004 வாக்கில் உருவாக்கிய ஐந்து அம்சச் சோதனை உலகெங்கும் பரவியது. எப்போது எழுதப்பட்டது, என் தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவருக்கு என்ன தகுதி, சொன்னது துல்லியமா, எழுதிய நோக்கம் என்ன என்பவை அந்த ஐந்து. கேட்க நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கான பதிலை மாணவர் எங்கே தேடுகிறார்? அதே இணையப் பக்கத்தில். அந்தப் பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை வைத்து அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறார்.

இதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வரலாற்றாய்வாளர் 10 பேர், செய்திச் சரிபார்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர் 25 பேர். இவர்களிடம் இரண்டு இணையதளங்களைக் கொடுத்தார்கள். ஒன்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்: 1930இல் தொடங்கியது, பல்லாயிரம் குழந்தை மருத்துவர்களை உறுப்பினராகக் கொண்டது. மற்றது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்: ஒருபாலினத் தம்பதியர் குழந்தைகளைத் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததால் 2002இல் பிரிந்துபோன சிறு குழு. பெயரில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. பக்க அமைப்பும் ஒன்றுபோலவே கண்ணியமாக இருக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் பிரிந்துபோன குழுவின் பக்கத்தையே நம்பத்தக்கதாகச் சொன்னார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்களும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதனால் தப்பித்தார்கள். மாணவர்களோ மேலிருந்து கீழாகப் பக்கத்தை ஊன்றிப் படித்தார்கள், அடிக்குறிப்புகளைப் பார்த்தார்கள், முகவரியில் 'டாட் ஆர்க்' இருப்பதை நற்சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம்.

ஊன்றிப் படிப்பது நல்ல பழக்கம் என்றே நாம் கற்பிக்கிறோம். படிக்கும் முன் இதைப் படிக்கத்தான் வேண்டுமா என்று வெளியே போய்க் கேட்டுவரும் பழக்கத்தைக் கற்பிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. 2023இல் நியூயார்க்கில் அவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், வழக்கறிஞர் ஒருவர் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்துத் தாக்கல் செய்தார். அந்தத் தீர்ப்புகள் எங்கும் இல்லாதவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. இதில் என்னை உறுத்துவது அபராதம் இல்லை. ஐயம் வந்தபோது அந்த வழக்கறிஞர் 'இந்த வழக்கு உண்மையானதா' என்று கேட்கத்தான் செய்தார். ஆனால் சாட்ஜிபிடியிடமே கேட்டார். உண்மைதான், சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்று அது பதில் சொன்னது.  ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் செய்ததும் இவர் செய்ததும் ஒன்றே.

இவையெல்லாம் ஆங்கில உலகத்துச் சான்றுகள். தமிழில் ஆய்வு செய்யும் மாணவருக்கு இவற்றுக்கு மேலும் சில தடைகள் இருக்கின்றன. நம் நூலகங்கள் உண்மையில் கற்பிக்க வேண்டியதும், வேறு யாராலும் கற்பிக்க முடியாததும் அவைதான்.

ஒருவர் சிலப்பதிகாரம் பற்றி ஏற்கெனவே வந்த ஆய்வேடுகளைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் தட்டினால் முதல் எழுத்து எஸ்ஸா, சியா? பி ஒன்றா, இரண்டா? 'தி'க்கு டி மட்டும் போதுமா, கூடவே எச் வேண்டுமா? ஆய்வேட்டைப் பதிவேற்றிய பல்கலைக்கழகம் எந்த எழுத்துக்கூட்டலைப் போட்டதோ அதைத் தட்டினால்தான் அது கிடைக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றும் அயல்நாட்டுப் பட்டியல்களில் சி-யில் தொடங்கும் வேறொரு வடிவம் இருக்கும். சரி, தமிழ் எழுத்திலேயே தட்டலாம். தலைப்பு 'சிலப்பதிகாரத்தில் மகளிர்' என்று இருந்தால், 'சிலப்பதிகாரம்' என்று தேடுகிறவருக்கு அது சிக்காமல் போகலாம். மகரம் போய்த் தகரம் வந்துவிட்டதே. 'சிலப்பதிகார' என்று நிறுத்தி நட்சத்திரக் குறி போட்டுத் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அதைச் சொல்லித்தராததால் 'இந்தத் தலைப்பில் இதுவரை ஆய்வே நடக்கவில்லை' என்று முன்னுரையில் எழுதிவிடுகிறார்கள்.

ஆசிரியர் பெயர்களோ இதைவிடச் சிக்கல். உ.வே. சாமிநாதையரைச் சில பட்டியல்கள் உகரத்திலும் சில சகரத்திலும் வைத்திருக்கின்றன. 'சாமிநாத ஐயர்' என்று பிரித்தும் 'சுவாமிநாத' என்று நீட்டியும் ஆங்கிலத்தில் பல வடிவங்களிலும் இருக்கிறார். யூனிகோடு வருவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான கட்டுரைகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அவை அர்த்தமற்ற குறிகள். அச்சில் மட்டுமே இருக்கும் பழைய இதழ்களைத் தேட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வருடிப் போட்ட நூல்கள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் அவற்றின் உள்ளடக்கத்துக்குள் போய்த் தேடுவது வேறு கதை.

பதிப்பு என்ற ஒன்று இருக்கிறது. 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நூலாக வந்தது 1950இல். பின்னர் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன. அண்மைக்கால மலிவுப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் போட்டு மேற்கோள் காட்டும் மாணவர், சாமிநாதையர் நேற்று எழுதியதுபோல ஒரு தோற்றத்தைத் தன் ஆய்வில் உண்டாக்கிவிடுகிறார். பக்க எண்ணும் வேறு பதிப்பில் பொருந்தாது. முதற்பதிப்பு ஆண்டையே குறிப்பிடாத பதிப்புகள் சந்தையில் நிறைய. பதிப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கற்பிப்பதும் தகவல் எழுத்தறிவுதான். அயல்நாட்டுச் சட்டகங்களில் இது தனிப் பாடமாக இல்லை என்பதால் நாமும் விட்டுவிட்டோம். தமிழ் நூலகர்கள் இந்த அறிவை வாய்மொழியாக வைத்திருக்கிறார்கள். அடுக்கில் எது எங்கே இருக்கிறது, எந்தப் பதிப்பில் முன்னுரை விடுபட்டது, எந்த இதழின் எந்த ஆண்டுத் தொகுதி பைண்டிங்கில் தவறாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடிய பழைய நூலகர்கள் ஓய்வுபெறும்போது அது அவர்களோடு போய்விடுகிறது.

இப்போது இந்த நடைமுறையின் மிகப் பெரிய கோளாறுக்கு வருகிறேன். நம் பல்கலைக்கழக நூலகங்களில் தகவல் எழுத்தறிவின் இடத்தைச் சதவீதம் பிடித்துக்கொண்டது.

2018 ஜூலையில் மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிமுறைகளை வெளியிட்டது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை ஒரு நிலை, 40 முதல் 60 வரை அடுத்த நிலை, 60க்கு மேல் போனால் ஆய்வுப் பதிவே ரத்து. 2019இல் மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் 'சோத்சுத்தி' திட்டத்தின் மூலம் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்பீட்டு மென்பொருளை அளிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து ஆய்வு மாணவர் நூலகத்தை நாடி வருவதற்கான முதற்காரணம் ஒரு சான்றிதழ். நூலகர் மென்பொருளில் ஆய்வேட்டை ஏற்றுகிறார், எண் வருகிறது, கையெழுத்துப் போடுகிறார். 14 வந்தால் மாணவர் திரும்பிப்போய்ச் சொற்களை மாற்றிக்கொண்டு வருகிறார். 'கூறுகிறார்' என்பது 'குறிப்பிடுகிறார்' ஆகிறது. வாக்கியம் முன்னும் பின்னும் புரட்டப்படுகிறது. எண் 9க்கு இறங்குகிறது. எடுத்தாண்ட கருத்து யாருடையது என்ற கேள்வி ஒரு முறைகூட எழவில்லை.

சொற்களை ஒப்பிடும் மென்பொருளுக்குத் தன் கைக்கு எட்டிய மின்னுரை மட்டுமே தெரியும். மின்வடிவம் பெறாத ஒரு 1970களின் திறனாய்வு நூலிலிருந்து ஓர் அத்தியாயத்தையே பெயர்த்து எழுதினாலும் எண் பூச்சியமாக வரும். மறுபுறம், முறையாக மேற்கோள் குறி இட்டு, ஆதாரம் சொல்லி எழுதியவர், மென்பொருளின் அமைப்பைச் சரியாக வைக்காததால் கூடுதல் எண்ணோடு நிற்கிறார். விதிமுறையே முறையான மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. அதே விதிமுறை இன்னொன்றும் சொல்கிறது: ஒவ்வொரு பருவத்திலும் இது பற்றிய விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும், இளநிலை, முதுநிலைப் பாடத்திட்டத்திலேயே ஆய்வு நேர்மையின் அடிப்படைகளைச் சேர்க்க வேண்டும். எண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிட்டார்கள். 2019இல் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட 'ஆய்வு, வெளியீட்டு நெறிகள்' தாள் 30 மணி நேரம் கொண்டது. திறந்த அணுக்க வெளியீடு, போலி இதழ்கள், தரவுத்தளங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நல்ல தாள். ஆனால் முனைவர் பட்டத்துக்கு வந்த பிறகு தொடங்கினால், அதற்குள் ஐந்து ஆண்டுகள் நோட்ஸ் மனப்பாடம் செய்து பழகிய கையை எப்படித் திருப்புவது?

நூலகர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. ஊதிய நிலையில் கல்லூரி நூலகர் உதவிப் பேராசிரியருக்கு இணையானவர். பாடம் நடத்துகிறவராக அவரைக் கல்லூரி நடத்துவதில்லை. பாடத்திட்டக் குழுவில் அவருக்கு இடம் இருப்பது அரிது. பல கல்லூரிகளில் அவர் ஒருவர்தான். புத்தகம் வாங்குவது முதல் தூசி தட்டுவதை மேற்பார்வையிடுவது வரை அவர் வேலை. நாக் தரமதிப்பீட்டின் நூலகப் பகுதி பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது நூலகம் கணினிமயமா, என்ன சந்தா, எவ்வளவு செலவு, நாளொன்றுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைத்தான். எனவே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதில் கவனம் போனது. வந்தவர் செய்தித்தாள் புரட்டிவிட்டுப் போனாரா, ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்தாரா என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

வேறு வழியில் செய்து பார்த்தவர்கள் உண்டா? உண்டு. அமெரிக்காவின் இண்டியானாவில் எர்ல்ஹாம் என்ற சிறிய கல்லூரி. 1962 முதல் 1994 வரை அங்கே நூலகராக இருந்த இவான் ஃபார்பர் தனி வகுப்பு நடத்துவதை நம்பவில்லை. பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதச் சொல்லும் வாரத்தில், அந்தக் கட்டுரைத் தலைப்புக்கென்றே தயாரித்த நூற்பட்டியலோடு வகுப்புக்குள் போனார். மாணவர் கையில் கேள்வி இருந்தது. நூலகர் சொன்னது உடனே பயன்பட்டது. பேராசிரியரும் நூலகரும் சேர்ந்து அந்தக் கட்டுரைப் பணியை வடிவமைத்தார்கள். இதற்கு நேர்மாறான அனுபவம் டெட்ராய்ட்டின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்து மோன்டீத் கல்லூரியில். 1960களின் தொடக்கத்தில் அங்கே பட்ரீஷியா நாப் நூலகத்தைப் பாடத்தோடு பின்னிவிடும் பெரிய சோதனையை நடத்தினார். ஆசிரியர்களும் நூலகர்களும் கூடித் திட்டமிடுவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை 1966இல் வெளிவந்த நூலில் ஒளிக்காமல் எழுதினார். எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒன்று முப்பது ஆண்டுகள் நின்றது, மற்றது சோதனையாகவே முடிந்தது. ஆசிரியர்கள் அந்தப் பணியைத் தங்களுடையதாக ஏற்றார்களா என்பதே வேறுபாடு என்று எனக்குப் படுகிறது.

எர்ல்ஹாம் சின்னக் கல்லூரி, இங்கே ஒரு வகுப்பில் அறுபது பேர், ஒரு துறைக்கு ஆறு வகுப்பு, நூலகர் ஒருவர், இது நடக்காது என்று சொல்வார்கள். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் எல்லா மாணவருக்கும் நூலகர் போக முடியாது. போகவும் வேண்டாம். ஒரு துறையில், மூன்றாண்டுகளில் ஒரே ஒரு தாளில் இதைச் செய்தால் போதும் என்பது என் வாதம். அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அதில் அசைன்மென்ட் என்ற பெயரில் கைடு புத்தகத்தைப் பார்த்துப் பத்துப் பக்கம் எழுதி வாங்கும் மதிப்பெண்ணை இதற்குத் திருப்பலாம்.

தமிழ்த் துறையில் என்றால், கட்டுரைக்குப் பதில் ஒரு தேடற்குறிப்பு கேட்கலாம். ஒரு பாடலுக்கு இரண்டு உரைகள் வேறுபடும் இடத்தை எடுத்துக்கொண்டு, எந்தெந்தச் சொல்லால் எங்கெங்கே தேடினேன், எது கிடைக்கவில்லை, கிடைத்த இரண்டு கட்டுரைகளில் எதை ஏன் ஏற்கிறேன், அதை எழுதியவர் யார் என்று எங்கே போய் விசாரித்தேன் என மூன்று பக்கம். வணிகவியலில் என்றால், ஒரு நிறுவனத்தைப் பற்றி அது தன் இணையதளத்தில் சொல்வதையும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆவணத்தில் இருப்பதையும் வேறொருவர் எழுதியதையும் அருகருகே வைக்கச் சொல்லலாம். சாட்ஜிபிடியைப் பயன்படுத்தத் தடை வேண்டாம். அது தந்த ஐந்து ஆதாரங்களையும் ஒவ்வொன்றாகத் தேடி, எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதச் சொன்னால் மாணவர் தானே கண்டுகொள்வார். இந்தப் பணி கொடுக்கும் வாரத்தில் நூலகர் வகுப்புக்கு ஒரு மணி நேரம் வரட்டும். அறிமுக வகுப்பு அளவுக்கே நேரம். திருத்தும்போது ஐந்து மதிப்பெண்ணுக்கு நூலகரின் கருத்தையும் ஆசிரியர் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு தயக்கம் எனக்கும் உண்டு. மதிப்பெண் நூலகர் கைக்கு வந்தால், மாணவர் அவரிடம் தயக்கமின்றிப் பேசிய அந்தச் சுதந்திரம் குறையுமா? குறையலாம். அதனால்தான் கடைசி மதிப்பெண் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். நூலகர் மாணவரோடு உட்கார்ந்து பார்ப்பவராக நிற்க வேண்டும். இந்த எல்லையை ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்களைப் பார்த்துத்தான் வரைய முடியும்.

ஆய்வு நிலையில் மாற்றம் இன்னும் எளிது, புதிய ஆணை எதுவும் தேவையில்லை. சதவீதச் சான்றிதழ் இருந்துவிட்டுப் போகட்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் துணைநூற்பட்டியலிலிருந்து ஏதாவது மூன்று பதிவைத் தொட்டு, இதை எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள், எந்த நூலகத்தில் கிடைத்தது, இவர் சொல்வதை மறுத்து எழுதியவர் யார் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு பதிவு செய்யும் மாணவர் சான்றிதழுக்காகக் காத்திராமல் முதல் மாதத்திலேயே நூலகரைத் தேடிப் போவார்.